யானை வராத நிச்சயதார்த்தம்

போன ஞாயிறு தாராவியில், எங்கள் வீட்டு முன்னறையில் எனக்கு நிச்சயதார்த்தம். வந்திருந்தவர்கள்: அப்பா, அம்மா, டோம்பிவிலியிலிருந்து மணப்பெண் கனகா, அவள் பெற்றோர். வராதது: யானை. ஆனால் அதன் வால்முடி மட்டும் வந்திருந்தது — கனகாவின் அப்பா எனக்காகக் கொண்டுவந்த தங்க மோதிரத்துக்குள்.

“போடுங்க மாப்ளே. அஸ்லி மால், அசல் யானை முடி! ஊருக்குப் போன ஆள்கிட்ட சொல்லி வாங்குனது. இதப் போட்டா ஒரு பயமும் அண்டாது” என்றார் மாமா.

எனக்கோ போடுவதற்குத்தான் பயம். முந்தின வாரம்தானே யானைகள் அழிந்துவருவதைப் பற்றி இதே பக்கத்தில் அத்தனை உருக்கமாக எழுதினேன்? “செம்பூரில் ஆபீஸுக்குப் போய்வருகிற நான் யானைக்கு என்ன தம்பி செய்ய முடியும்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பதில் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன்... பதில் நகைப்பெட்டியில் வந்து உட்கார்ந்திருக்கிறது!

விரலை மடக்கிக்கொண்டேன். “மாமா, யானை முடிய விக்கதும் குத்தம், வாங்குததும் குத்தம்.”

“ஒரு முடி மாப்ளே! யானையவா புடிச்சிட்டு வந்தேன்?”

“முடிக்கு ரேட் வச்சா, முடிக்காகவே யானையப் புடிக்க ஆள் வந்துருவான் மாமா.”

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். “ஏல, நீ தாலி கட்டப்போறது யானைக்கா, கனகாவுக்கா?”

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். இந்தச் சம்பந்தம் வந்ததே அந்தப் படிப்பால்தான். அதே படிப்பு இப்போது கலைத்தும் விடும்போல் இருந்தது. மாமா பெட்டியை மூடினார். தட்டு இன்னும் மாற்றவில்லை.

கனகாதான் வாயைத் திறந்தாள். “அப்பா, மொதல்ல அது யானை முடிதானான்னு செக் பண்ணிரலாமே? மாமாவுக்குத் தெரியாததா?”

அவள் கைகாட்டியது என் அப்பாவை. இருபது வருடமாகப் பழைய பிளாஸ்டிக் பிரிக்கிற வேலை அவருக்கு. எந்தத் துண்டைக் கொடுத்தாலும் நுனியைக் கொளுத்தி, முகர்ந்து, ரகத்தைச் சொல்லிவிடுவார்.

சிக்கலைப் பாருங்கள். அசல் என்றால் மாமா குற்றவாளி. போலி என்றால் ஏமாளி. ஆனாலும் அவர் வேண்டிக்கொண்டது அசலுக்காக, நான் போலிக்காக.

அப்பா ஊசியால் நுனியை நெம்பினார். லைட்டரைத் தட்டினார். முகர்ந்தார்.

“சம்பந்தி... நைலான்.”

“நல்லாப் பாருங்க!”

“முடின்னா பொசுங்கிப் பொடியாவும். இது உருகி உருண்ட கட்டிட்டு. நக்லி மால்.”

முதலில் சிரித்தது கனகா. பிறகு யார்தான் சிரிக்கவில்லை — மாமாவைத் தவிர? அவரும் சட்டென்று நிமிர்ந்தார். “அப்ப நல்லதாப் போச்சு! யானைக்கு ஒண்ணும் ஆகல. இப்பப் போடலாம்லா?”

கேட்டாரே ஒரு கேள்வி!

“ட்ரெயின்ல பாக்கவன் ‘எங்க வாங்குனது’ன்னு கேப்பான் மாமா. தேடிப் போற அவனுக்கு அஸ்லியே கெடச்சிரும்.”

வாசகரே, உங்களுக்கும் இதுதான் பதில். காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். கடையில் போய்க் கேட்காமல் இருந்தால் போதும். போலி விற்கிறது என்றால், அசலைக் கேட்டு வரிசையில் ஆள் நிற்கிறது என்றுதானே அர்த்தம்?

“நைலான எடுத்துட்டு அந்த எடத்துல தங்கக் கம்பி வச்சுக் குடுங்கப்பா” என்றாள் கனகா. தட்டு மாற்றினோம். சாயங்காலமே கிங்ஸ் சர்க்கிளில் ஒரு நகைக்கடைக்குப் போனோம்.

யானைக்கு ஒரு முடிகூடச் செலவில்லை. மாமாவுக்குத்தான் — கம்பி, கூலி எல்லாம் சேர்த்து — பதினோராயிரத்து நானூறு ரூபாய்.