எஃப்.சி. வேலையும் ஓட்டுகிற வேலையும்

அன்று ஆர்.டி.ஓ. மைதானத்தில் எங்கள் வண்டி விஷயத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். நான். என் மனைவியின் அண்ணன். வண்டிக்குப் பாதிப் பணம் போட்டவர் அவர்தான். புரோக்கர். அப்புறம், வண்டிக்காரர்கள் எல்லாரும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று அழைக்கும் அந்த அதிகாரி. மதில் சுவருக்கு வெளியே ஜாக்கியோடு காத்திருந்த டயர்க்காரரையும் சேர்த்தால் ஐந்து. ஆறாவது ஆள் கிடையாது. இதை முதலிலேயே எழுதி வைக்கக் காரணம் இருக்கிறது. பின்னாளில் காந்திபுரம் வேன் ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாம் தாங்களும் அங்கே நின்றிருந்ததாகச் சொல்லி, நடந்ததை ஒரு சிரிப்புக் கதையாக ஆக்கிவிட்டார்கள். எனக்கு அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. இன்றைக்கும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களிடம் ஒரு பழைய டெம்போ வேன் இருந்தது. சரவணம்பட்டிக்கு அப்பால் உள்ள ஊர்களிலிருந்து இருபது பெண்களை ஏற்றிப் போய்ப் பீளமேட்டில் ஒரு மில்லில் காலை ஷிஃப்டுக்கு இறக்குவேன். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தெரிந்த தொழில் இது ஒன்றுதான். அதையும் பயந்து பயந்துதான் செய்தேன். வண்டியை எடுப்பதற்கு முன்னால் பிரேக்கை மூன்று தடவை மிதிப்பேன். கதவை இழுத்துப் பார்ப்பேன். பத்தடி போனதும் நிறுத்தி இறங்கி இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். "கதவு எங்கீங்க போயிரப் போகுது, வாங்க" என்று உள்ளேயிருந்து கேலி வரும். வரட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்த வருடம் மழை ஓய்ந்த பிறகு, பிரேக் மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு நன்றாகவே. பீளமேட்டுக்குள் நுழைவதற்கு முன் ஒரு இறக்கம், அதன் அடியில் ரயில்வே கேட். கேட் மூடியிருந்தால், ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டே பிரேக்கை மிதிக்க வேண்டும். முன்னால் நிற்கும் பஸ்ஸின் பின்புறம் கிட்டே கிட்டே வரும். பின்னால் இருபது பேரும் சீட்டுக் கம்பெனிக்காரன் ஓடிப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அதே மாதம் எஃப்.சி. வந்தது. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று வருடத்துக்கு ஒருமுறை அரசாங்கம் பார்த்துத் தரும் சான்று. உக்கடம் பக்கம் ஒரு பாயின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எஃப்.சி. வேலைங்களா, ஓட்டற வேலைங்களா?"

எனக்குப் புரியவில்லை. மச்சானுக்குப் புரிந்தது. "எஃப்.சி. வேலைதானுங்க பாய்" என்றார். எஃப்.சி. வேலை என்றால் ஓட்டையை அடைப்பது, பள்ளத்தில் பட்டி பூசுவது, பெயிண்ட் அடிப்பது, லைட், ஹாரன், வைப்பர். பிரேக் அந்தக் கணக்கில் வராது; அது ஓட்டுகிற வேலை. இழுக்கிறதே என்று மச்சானிடம் சொன்னேன். பெயிண்டுக்கே பணம் போய்விட்டது, சான்று கையில் வரட்டும், பிரேக்கை அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். நான் அதற்குமேல் சண்டை போடவில்லை. ஏன் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. அதிகாரி வண்டியை ஓட்டிப் பார்ப்பார், இழுப்பது அவருக்குத் தெரியும், சரி செய்துகொண்டு வா என்று திருப்பி அனுப்புவார், அப்போது மச்சானால் வாய் திறக்க முடியாது என்று நினைத்தேன். எல்லாரும் பாஸ் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள். நான் ஃபெயில் ஆக வேண்டும் என்று போனேன்.

மைதானத்தின் மதிலை ஒட்டி டயர் வாடகைக்கு விடுபவர்கள் இருந்தார்கள். வழுக்கை டயரைக் கழற்றிவிட்டு நல்ல டயரை மாட்டி அனுப்புவார்கள். கையெழுத்து ஆனதும் வெளியே வந்து மாற்றிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு மாட்டிய நான்கில் ஒன்றின் ஓரத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பொட்டு இருந்தது. சற்று முன்னால்தான் அந்தப் பொட்டை இன்னொரு வேனில் பார்த்திருந்தேன். எங்களுக்குப் பிறகு வேறொரு வண்டிக்கு அது போகும். அதிகாரிக்கு அந்தப் பொட்டு தெரியாமலா இருக்கும்? ஒரு வருடத்தில் எத்தனை தடவை அதே டயர் அவர் முன்னால் உருண்டு போயிருக்கும்.

அவர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டிச் சட்டத்தில் பொறித்த சேஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதியைப் புரோக்கர் நீட்டினார். அதிகாரி அதையும் ஆர்.சி. புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஹாரன் அடிக்கச் சொன்னார், அடித்தேன். லைட் போடச் சொன்னார், போட்டேன். பேனாவைத் திறந்தார். வண்டிப் பக்கம் அவர் வரவே இல்லை.

இறங்கிப் போய் நின்றேன்.

"சார், ஒரு நிமிசமுங்க. பிரேக் மிதிச்சா வண்டி இடது பக்கம் இழுக்குதுங்க. நீங்களே ஒருக்கா ஓட்டிப் பாத்துருங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. புரோக்கரைப் பார்த்தார். "யாருய்யா இந்த ஆளு?"

"டிரைவருங்க சார். கொஞ்சம் பயந்த சுபாவமுங்க."

"பயமா இருந்தா மாடு மேய்க்கப் போகச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டு எழுந்து போனார்.

மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. புரோக்கர் அதிகாரியின் பின்னாலேயே ஓடினார். நான் வண்டிப் படியில் உட்கார்ந்தேன். அந்த அரை மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். ஃபெயில் ஆகிவிட்டது, இனி பிரேக்கைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் ஃபெயிலுக்கு இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

புரோக்கர் காகிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். "முடிஞ்சுருச்சுங்ணா. வழக்கமானது போக முந்நூறு சேத்திக் குடுத்துப்போட்டேன். என்ற கைக்காசு. அப்பறமாக் குடுத்துருங்க."

"ஓட்டிப் பாத்தாருங்களா?"

"பாத்திருந்தா எதுக்குங்ணா முந்நூறு?"

அதாவது, என் வண்டியில் பிரேக் சரியில்லை என்பதை அரசாங்கத்துக்கு என் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. அரசாங்கம் அதற்கு விலை போட்டு, முந்நூறு என்று வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டது. சொல்லாதவனுக்குக் கொஞ்சம், சொன்னவனுக்குக் கூட. சான்று இங்கிலீஷில் இருந்தது. மச்சான் பத்தாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னார். இந்த வண்டி என்னால் நேரில் பரிசோதிக்கப்பட்டது என்று அதில் இருந்ததாம். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அப்போதும் அதேதான் இருந்தது. மதிலுக்கு வெளியே டயர்க்காரர் பொட்டு வைத்த டயரைக் கழற்றிக்கொண்டு, எங்கள் வழுக்கையை மாட்டிவிட்டார்.

அன்று மாலையே வண்டியின் பக்கவாட்டில் எஃப்.சி. முடியும் தேதியை வெள்ளைப் பெயிண்டில் எழுதினோம். மறுநாள் காலையில் பெண்கள் புதுப் பெயிண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஏறினார்கள். அவர்களில் மூத்தவர், எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், தேதியைப் பார்த்துவிட்டு என் ஜன்னல் பக்கம் வந்தார்.

"எஃப்.சி. ஆயிருச்சுங்களா? நல்லதாப் போச்சு. வண்டி பழசா இருக்குதே, போறதுக்குப் பயமில்லையான்னு ஊட்ல மருமவ கேட்டுட்டே இருக்கறா. கவர்மெண்டே பாத்துக் குடுத்துப்போட்டாங்கன்னு சொல்லிப்போடறேன்."

சாவியைத் திருப்பக் கை வரவில்லை. இறக்கமும் கேட்டும் கண்ணில் நின்றன. இன்று வண்டி போகாது, டவுன் பஸ்ஸில் போய்விடுங்கள் என்றேன். உள்ளே சத்தம் கிளம்பியது. லேட்டானால் அரை நாள் கூலி போய்விடும் அவர்களுக்கு.

"என்னாச்சுங்க?" என்றார் அக்கா.

"பிரேக் சரியில்லீங்க்கா."

"நேத்துத்தானுங்க பாத்தாங்க?"

"யாரும் பாக்கலீங்க."

அவர் மறுபடி அந்தத் தேதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப இத்தன நாளாத் தெரிஞ்சேதான் எங்கள ஏத்தீட்டுப் போனீங்களா?"

அதிகாரியின் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்தக் கேள்வி அவரைக் கேட்டது அல்ல. அவர்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடு இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.

காலி வண்டியை இரண்டாவது கியரிலேயே உக்கடம் வரை ஓட்டிப் போனேன். பாய் கேட்பதற்கு முன்னாலேயே, "ஓட்டற வேலைங்க பாய்" என்றேன். சக்கரத்தைக் கழற்றினார். குற்றம் இடது பக்கம் இல்லை. வலது சக்கரத்தின் சிலிண்டரில் ரப்பர் கிழிந்து, பிரேக் ஆயில் கசிந்து, லைனிங் முழுக்க ஊறிப் போயிருந்தது. வலது சக்கரம் பிடிக்கவே இல்லை. இடது மட்டும் பிடித்தால் வண்டி இழுக்காமல் என்ன செய்யும். இன்னும் கொஞ்ச நாளில் ஆயில் மொத்தமும் போய், மிதித்தால் கால் தரை வரைக்கும் இறங்கியிருக்கும் என்றார். போன வாரமே நீங்கள் பார்த்திருக்கலாமே என்று கேட்டேன்.

"நீங்க சொன்னது எஃப்.சி. வேலைங்களே" என்றார். அதில் கூச்சம் எதுவும் இல்லை. கத்தரிக்காய் கேட்டீர்கள், கொடுத்தேன் என்று காய்கறிக்காரர் சொல்வதைப் போலத்தான் சொன்னார். ரப்பர், லைனிங், கூலி எல்லாம் சேர்த்து இருநூற்று நாற்பது ரூபாய் ஆனது. புரோக்கர் சேர்த்துக் கொடுத்ததைவிட அறுபது குறைவு.

அடுத்த நாள் எல்லாரும் வந்தார்கள். வேறு வண்டி அந்தப் பக்கம் இல்லை. ஆனால் அக்கா உடனே ஏறவில்லை. நான் மூன்று தடவை பிரேக்கை மிதித்து முடிக்கும்வரை கீழேயே நின்று பார்த்துவிட்டுத்தான் ஏறினார். அதன் பிறகு தினமும் அப்படித்தான். கதவைப் பற்றி ஒருவரும் கேலி பேசவில்லை.

புரோக்கர் அந்த வாரமே பணம் கேட்டு வீட்டுக்கு வந்தார். மச்சான் கொடுத்துவிடச் சொன்னார், நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும் என்றார். ஓட்டிப் பார்த்ததற்கு என்றால் ஆயிரம்கூடக் கொடுப்பேன், பார்க்காததற்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன். "வாய வெச்சுட்டுச் சும்மா இருந்திருந்தா எனக்கு இந்தச் செலவே இல்லீங்ணா" என்றார் புரோக்கர். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருப்பதாக அவர் உண்மையிலேயே நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. அடுத்த வருடம் பிரேக்கை முதலில் பார்த்துவிட்டு, வேறு புரோக்கரைப் பிடித்து, வழக்கமானதைக் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு நின்றேன். வாடகை டயர்களில் ஒன்றில் அந்த வெள்ளைப் பொட்டு இருந்தது. பிறகு வண்டியையும் விற்றாயிற்று. பழைய புரோக்கர் இப்போது காந்திபுரத்தில் கடை வைத்திருக்கிறார். நான் அந்தப் பக்கம் போனால் கல்லாவில் இருந்தபடியே மூன்று விரலை உயர்த்திக் காட்டுகிறார். நான் பார்த்துவிட்டு நடந்து போய்விடுகிறேன்.

முந்நூறு ரூபாய். இன்னும் பாக்கிதான்.