அண்ணன் குரல்

பருத்தி மில்லில் அண்ணனுக்குக் கொடுத்த காக்கிச் சட்டையில் மூடி வைத்த பை ஒன்று இருந்தது. அதற்குள் லைசென்ஸ் காகிதம். அல்லிநகரத்துத் தெருவில் நடந்து வரும்போது அந்தப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டுதான் வருவார், காகிதம் பறந்துவிடுமாம்! "வண்டிக்காரனுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று கேலி செய்வேன். அவருக்குக் கோபமே வராது. பதினைந்து வருஷம் மாட்டு வண்டியில் பருத்திப் பொதி ஏற்றி வெயிலில் காய்ந்தவர். யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முன்பு மில்காரர் ஒரு லாரி வாங்கினார். குமுளிப் பக்கத்து டிரைவர் ஒருவரை வைத்து ஒரே மாதத்தில் அண்ணனுக்கு ஓட்டப் பழக்கிவிட்டார்கள். ஒரு மாதம்! ஒரு கன்றை நுகத்துக்குப் பழக்கவே அதைவிட நாளாகும். இதை இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கும் பெருமைதான். தண்ணீர் எடுக்கிற இடத்தில், "ஒங்க அண்ணன் லாரி ஓட்டுறாகளாமே" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், குடம் நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருப்பேன்.

லாரி வந்ததும் தன் காளைகள் இரண்டையும் வண்டியோடு என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தார் அண்ணன். கன்றிலிருந்து அவர் வளர்த்தவை. கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. அவர் "ஹோ... ஹோவ்" என்றால் எந்த ஓட்டத்திலும் கால் ஊன்றி நின்றுவிடும். "மாப்ள, கயித்த நம்பாதீக, வாயத் தொறந்து சொல்லுங்க, கேக்கும்" என்றார். என் வீட்டுக்காரருக்கு மெல்லிய குரல். "ஒங்க சத்தத்துக்கு நான் எங்கன போவேன் மச்சான்" என்று சிரித்தார். அண்ணன் குரல் நாலு வயல் தாண்டிக் கேட்கும்.

அது ஓர் ஆடிச் சனிக்கிழமை. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் எள் விளக்குப் போட நானும் என் வீட்டுக்காரரும் வண்டியில் புறப்பட்டோம். அண்ணனுக்குப் புது வேலை நிலைக்க வேண்டும் என்பதும் என் வேண்டுதல்களில் ஒன்று. வீரபாண்டி தாண்டி ஒரு மேடு வந்தது. மாடுகளுக்குச் சுமை குறையட்டும் என்று நான் இறங்கிப் பின்னால் நடந்தேன். எதிரே மேட்டு உச்சியிலிருந்து அண்ணன் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. கம்பத்திலிருந்து பொதி ஏற்றி வருகிறார். அந்தக் காலத்தில் வண்டிகள் நடு ரோட்டில்தான் போகும், ரோடு எங்களுக்கென்றே போட்டதுபோல. என் வீட்டுக்காரர் பதறவில்லை. காளைகளை இடது ஓரத்துக்குத் திருப்பினார். அவை மண்ணில் இறங்கிவிட்டன. இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் வண்டியும் இறங்கியிருக்கும்.

எங்களைக் கண்டதும் அண்ணனுக்குக் கைகால் ஓடவில்லை. பொதிச் சுமையோடு இறக்கத்தில் லாரி வேகம் பிடித்துவிட்டது. அதற்குக் கதவு கிடையாது. அவர் செய்ததெல்லாம் எனக்குத் தெரிந்தது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஹோ... ஹோவ்... ஹோவ்" என்று அலறினார். லாரியைத்தான் நிற்கச் சொன்னார். லாரிக்கு அந்தப் பேச்சுத் தெரியாது. காளைகளுக்குத் தெரியும். வளர்த்தவர் குரல் கேட்டதும் அப்படியே கால் ஊன்றி நின்றன, வண்டி பாதி ரோட்டில் கிடக்க. என் வீட்டுக்காரர் கயிற்றை உதறினார், அடித்தார். அவை அசையவில்லை.

என் வீட்டுக்காரர் தலையை என் மடியில் எடுத்து வைத்தபோது மூச்சு இல்லை. அண்ணன் ரோட்டில் உட்கார்ந்து தன் வலது காலைக் கல்லால் குத்திக்கொண்டிருந்தார். "கை இழுத்துச்சே ஆத்தா, காலு போகலையே! பிரேக்குன்னு ஒண்ணு இருக்குறதே மறந்துபோச்சே!" என்று அழுதார். பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லும்படி மில்லில் சொல்லிக்கொடுத்தார்கள்; கோர்ட்டில் அப்படியே சொன்னார். மாடு மிரண்டதா என்று என்னைக் கேட்டார்கள். "நின்னுருச்சு" என்றேன். அதற்கு மேல் என் வாயில் வரவில்லை. கேஸ் நிற்கவில்லை, அவரை விட்டுவிட்டார்கள்.

போக்கிடம் இல்லாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்தேன். அவர் அதன்பின் லாரியையும் தொடவில்லை, வண்டியிலும் ஏறவில்லை. சந்தையில் மூட்டை தூக்கினார். பிரேக்கை மறந்த பாவத்தை மட்டும்தான் அவர் சுமந்தார். காளைகள் ஏன் நின்றன என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டார் என்று தெரியும். ஆறு வருஷம் அடக்கி வைத்திருந்தேன்.

ஏழாம் வருஷத் திவசத்தன்று, பிண்டம் வைத்துவிட்டுக் கால் கழுவியவர் திடீரென்று கேட்டார்: "ஏ ஆத்தா, மாப்ளதான் வண்டிய ஓரங்கட்டிட்டாகளே, அப்பறம் ஏன் மாடு நின்னுச்சு? மெரண்டுருச்சா?" ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுப்படியில் வெந்துகொண்டிருந்தேன். முப்பது வயதில் வெள்ளைச் சேலை.

"நீதாண்ணே நிப்பாட்டுன" என்றேன்.

அவர் செம்பைக் கீழே வைத்தார். அதற்குப் பின் ஒன்பது வருஷம் இருந்தார். அவர் குரலை யாரும் கேட்கவில்லை. வாசலில் கோழி ஏறினாலும் கையைத்தான் வீசுவார். தொண்டையில் நோய் என்று ஊரார் நினைத்தார்கள். எனக்குத் தெரியும்.

இப்போது அந்த மேட்டில் லாரிகள் இடைவிடாமல் போகின்றன. வாரத்துக்கு ஒரு பிணம் விழுகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். அண்ணன் வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். நான் அப்படியில்லை. அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்னபோது என் நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.