விஜயகுமாரி நிலத்தில் போட்ட போர்

எங்கள் பக்கத்து வீட்டு விஜயகுமாரி நாற்று நட்டால் கயிறு பிடித்தது போல இருக்கும். அவள் நிலத்துப் போரில் உப்புத் தண்ணீர் ஏறியதிலிருந்து எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கத்தில் அவளுக்கு நடவு இல்லை. வீட்டுக்காரர் அருள்முருகன் சென்னையில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். “நல்ல தண்ணி கெடைச்சா வந்துடுறேன்” என்று போனவர், திருவிழாவுக்கு வந்து தலைகாட்டுவதோடு சரி. அவள் சாமியிடம் கேட்பதும் அந்தத் தண்ணீர் ஒன்றைத்தான்.

போன மாசியில் ஒரு கம்பெனி அவள் நிலத்தில் போர் போட்டுப் பார்க்க வந்தது. போர் என்ற சொல்லைக் கேட்டதுமே சரி என்றுவிட்டாள். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, தேங்காய் உடைத்து, என்னையும் கூப்பிட்டு வைத்துக் கற்பூரம் காட்டினாள்.

“இனிப்புத் தண்ணியா வரணும் சாமி.”

கம்பெனி ஆள் ராஜ்மோகன் சங்கடப்பட்டார். “இது தண்ணி போர் இல்லக்கா. பழுப்பு நிலக்கரி இருக்குதான்னு பாக்குறோம்.”

“ஊர் பேருலயே கரி இருக்குது. பூமிய இன்னாத்துக்குக் கொடையிறீங்க?” என்றார் வேடிக்கை பார்க்க வந்த அய்யனார். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

“கரி கெடைக்கலன்னா உங்களுக்கும் நட்டந்தானே தம்பி?”

“நிலக்கரி வருமான வரிச் சட்டத்துப் பட்டியல்ல இருக்குதுக்கா. எங்கனா கெடைச்சி வெட்ட ஆரம்பிச்சா, முன்ன நாலு வருஷம் தேடுன செலவயும் பத்து வருஷமாப் பிரிச்சி வரிக்கணக்குல கழிச்சிக்கலாம்.”

“அதுல தண்ணி இருக்குதா?”

“இல்லக்கா. தங்கம், தாமிரம், ஈயம், அந்த மாதிரி.”

மறுநாள் அந்தப் போர்க் குழாயில் தண்ணீர் தானாகப் பொங்கி வந்தது. கையில் ஏந்திக் குடித்துவிட்டு என் வாயிலும் ஊற்றினாள். கோயில் தீர்த்தம் போல இருந்தது.

“அப்டியே வுட்டுட்டுப் போ தம்பி.”

முடியாது என்று ராஜ்மோகன் தலையசைத்தார். பார்த்து முடித்த குழியை சிமெண்ட் ஊற்றி அடைக்க வேண்டுமாம். மேலே இருக்கும் உப்பு அடியில் இறங்கிவிடக் கூடாதாம். அடைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் வரப்பில் நின்று போன் போட்டாள். “மாமா, நம்ம நெலத்துக்கு அடியில நல்ல தண்ணி இருக்குது. நானே குடிச்சேன். ஆனா அடைச்சிட்டாங்க.”

ஸ்பீக்கரில் லாரி இரைச்சலுக்கு நடுவே அவர் குரல்: “எவ்ளோ ஆழத்துல வந்துதாம்? கேட்டியாடி?”

நிலத்தைப் பற்றி அவர் வாய் திறந்து கேட்டு எத்தனையோ காலம் ஆகிறது. சாமான் ஏற்றிய கம்பெனி வண்டி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

“இரு மாமா, வெச்சிடாத!” என்று போனும் கையுமாக அதன் பின்னால் ஓடினாள்.