ஆஹா மாஸ்டரின் பாராட்டு

ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டப் படித்தேன். ஆசையில் அல்ல. வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பக்கத்து வீட்டுக்காரரையே எத்தனை நாளைக்குக் கெஞ்சுவது?

டிரைவிங் ஸ்கூலில் எனக்கு வாய்த்தவருக்கு ‘ஆஹா மாஸ்டர்’ என்று பெயர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே இருபத்தாறு வருஷம் ஓட்டிய மனுஷன். தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து அவருக்கு வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். முதல் நாளே நடுரோட்டில் வண்டியை அணைத்துவிட்டேன். பின்னால் ஒரே ஹாரன்.

“ஆஹா! அட்டகாசம்க்கா! நீங்க பிறவி டிரைவர்!”

மறுநாள் ஒரு குப்பைத்தொட்டியைச் சாய்த்தேன். “பிரமாதம்! இவ்வளவு பதமா இடிச்சு நான் பார்த்ததே இல்ல!”

எனக்கு வந்ததே கோபம். “ஐஸ் வைக்காதீங்க மாஸ்டர். இது என் வீட்டுக்காரர் உசிரு சம்பந்தப்பட்ட விஷயம்.”

“சரிக்கா” என்று வாயை மூடிக்கொண்டார். அடுத்த பத்து நிமிஷத்தில் வண்டி நாலு தடவை அணைந்தது. இதுவரை என்னைத் தாங்கிப் பிடித்தது அந்தப் புளுகுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

“மாஸ்டர், எதையாவது சொல்லித் தொலைங்க.”

“உலகத்துலயே உங்கள மாதிரி வண்டிய அணைக்க ஆள் கிடையாதுக்கா!”

சிரித்துவிட்டேன். வண்டியும் கிளம்பிவிட்டது.

அதன்பிறகுதான் கவனித்தேன். நான் தேறத் தேற அவருடைய பாராட்டு சுருங்கியது. ரிவர்ஸ் ஒழுங்காக வந்த நாளில் வெறும் “சூப்பர்”. மேட்டில் நிறுத்தி எடுத்தபோது “நல்லாருக்கு”. தப்பு எவ்வளவு பெரிதோ, பாராட்டும் அவ்வளவு பெரிது.

லைசென்ஸ் டெஸ்ட் முடிந்து இறங்கினேன். கேட் அருகே நகம் கடித்தபடி நின்றிருந்தார். “பாஸ் மாஸ்டர்!” என்றேன். என்னையே பார்த்தார்.

“பரவாயில்லக்கா” என்றார்.

பொலபொலவென்று அழுதுவிட்டேன். அந்த மனுஷனுக்கு எத்தனை ஜென்மம் நன்றி சொன்னாலும் போதாது.

இப்போது வாரம் மூன்று நாளும் நான்தான் ஓட்டுகிறேன். நேற்று ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வேன்களுக்கு நடுவே காரைச் செருகி நிறுத்தினேன்.

“அடேயப்பா! பிரமாதம்!” என்றார் வீட்டுக்காரர்.

எனக்குப் பகீர் என்றது. எங்கே இடித்திருக்கிறேன் என்று உடனே இறங்கிப் பார்த்தேன்.