கடல் பச்சையான வாரத்தில் ஜெனியைப் பார்க்கப் போனேன்

மூத்த பேரன் ஜெபராஜ் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறான். அவன் தம்பிக்குக் கட்டப்பனையில் வங்கி வேலை. சின்ன மகளுடைய பெண் கோட்டயத்தில் நர்ஸ் படிக்கிறாள், வகுப்பில் இரண்டாவது. எல்லாருக்கும் மேலே பெரிய மகளின் பெண் ஜெனிட்டா. எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, சென்னைக்குத் தெற்கே கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் நிலையத்தில் லேப் வேலை பார்க்கிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்து கிள்ளப் போனவள். சூரியநெல்லி எஸ்டேட் லயத்து வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னால் கேட்க இப்போது ஆள் இல்லை. அதனால்தான் போனில் இங்கே எழுதுகிறேன்.

ஜெனி ஓணத்துக்கு வருவதாக இருந்தாள். அவளுக்கென்று போர்வையைத் துவைத்துக் காயப்போட்ட அன்று போன் வந்தது. "கடல்ல பாசி பெருகிப் பச்சையாயிருச்சு அம்மாச்சி, லீவு கிடையாது." ஒன்றரை வருடமாக அவளைப் பார்க்கவில்லை. அவளால் வர முடியாவிட்டால் நான் போகலாமே! யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். காலையில் சென்னை, அன்றைக்கே ராத்திரி ரயிலில் திரும்புவது என்று டிக்கெட்.

போக நினைக்கிறவர்களுக்கு வழி சொல்கிறேன். சூரியநெல்லியிலிருந்து பூப்பாறைக்கு ஜீப். அங்கிருந்து போடிமெட்டு வழியாகப் போடிக்கு பஸ், சுமார் நாற்பது கிலோமீட்டர், எல்லாம் வளைவு. போடியிலிருந்து சென்னைக்கு ரயில் வாரத்தில் மூன்று நாள்தான், இரவு எட்டரை வாக்கில் எடுப்பான். ரயிலில் ஏறிப் புளிச்சோற்றைப் பிரித்தேன். "சாப்பிடுறீங்களா" என்று கேட்க எதிர் இருக்கையில் ஆளில்லை.

காலையில் திருவான்மியூர் போய் மாமல்லபுரம் பஸ் பிடித்தேன். கண்டக்டர், "எறங்க வேண்டிய எடம் வந்தா நானே சொல்றேன், தூங்கிடாத ஆயா" என்றார். யார் தூங்கினார்கள்? பதினோரு மணிக்கு நிலையத்தின் வாசல்.

வாசலுக்கு எதிரே மர நிழலில் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் தேயிலை ஃபாக்டரியில் சங்கு ஊதினால் வாசல் நிறைய ஆட்கள் வந்துவிடுவார்கள், யாரையும் தேட வேண்டாம். இங்கேயும் ஊதட்டும், அவளே வருவாள் என்று இருந்தேன். வேன்கள் வந்தன, போயின. கடல் பக்கமிருந்து அழுகல் நாற்றம். மூன்று மணிக்குப் பொறுக்காமல் வாசல் காவலரிடம் போய், "சங்கு எப்ப ஊதும் தம்பி?" என்றேன்.

"சங்கா? மில்லுன்னு நெனச்சியா ஆயா? ரெண்டு மணி ஷிப்ட் எப்பவோ வேன்ல போயிடுச்சு."

உடனே போனை எடுத்து அழைத்தேன். ஜெனியின் போன் அணைந்திருந்தது. காவலர் உள்ளே கேட்டுச் சொன்னார்: "லேப்ல யாரும் வூட்டுக்குப் போகல. தண்ணி எடுத்துனு வர கடலுக்குப் போயிருக்காங்க, வருவாங்க. குந்து." ஐந்து மணிக்காவது நான் அங்கிருந்து கிளம்பாவிட்டால் ராத்திரி ரயிலை விட்டுவிடுவேன்.

நாலரைக்கு, தலைக்கவசமும் முகமூடியும் முழங்கால் பூட்ஸும் போட்ட நாலு பேர் கேன்களோடு நடந்து வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஜெனி வருகிறாளா என்று எட்டிப் பார்த்தேன். நாலு பேரில் ஒரு உருவம் நின்றது.

"அம்மாச்சி?"

"ஏட்டி, நீயா!"

"ஒரு போன் போட்டுட்டு வரக் கூடாதா?"

"போட்டா வேண்டாம்னுருவ."

"வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன்" என்று சொல்லிவிட்டு என் தோளில் நெற்றியை முட்டினாள், தலைக்கவசத்தோடு.

கேனில் கீரை அலசின தண்ணீர் மாதிரி இருந்தது. "இது உள்ள போனா ஃபில்டர் எல்லாம் அடச்சிரும்" என்றாள்.

"மருந்து போட்டுக் கொன்னுற வேண்டியதுதான?"

"கொன்னா உடஞ்சு, உள்ள இருக்கதெல்லாம் தண்ணில கலந்துரும். பொடிசாக் காத்துக் குமிழி விட்டு, உடையாம மேல மெதக்க வச்சு வழிச்செடுக்கணும்."

"கொழுந்து கசங்காம சுமக்க மாதிரி."

"வேலைக்கு வாரியா?" சிரித்தாள். பிறகு மெதுவாக, "தண்ணி எடுக்கத பாதியாக் கொறச்சாச்சு. இன்னும் கூடுச்சுன்னா நிறுத்தணும். ஊர்ல கொழாய் காஞ்சிரும். அதான் மணிக்கு மணி பாக்கோம்" என்றாள்.

ஓணத்துக்கு வறுத்த நேந்திரங்காய் உப்பேரிப் பொட்டலத்தை நீட்டினேன். கையுறை முழுக்கப் பாசி. முகமூடியை மட்டும் இறக்கி வாயைத் திறந்தாள். நாலைந்து துண்டு ஊட்டுவதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். மொத்தம் கால் மணி நேரம் இருக்கும். திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். ஓட வேண்டிய வேலைதான்.

ஊருக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, அவளுக்காக விரித்து வைத்த போர்வை அப்படியே கிடந்தது. மடித்து வைத்தேன். பெருமை இருக்கிறது, ஆனால் அது ராத்திரியில் பேச்சுத் துணைக்கு வருவதில்லை.

இப்படிப் போகிறவர்கள் போன் செய்துவிட்டுப் போங்கள். உள்ளே விடமாட்டார்கள், குடையும் தண்ணீரும் வேண்டும். பாசி சமயத்தில் மூக்குக்கு ஒரு துணியும்.

ஜெனி, நீ இதைப் படிப்பாய். தலைக்கவசம், முகமூடி, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு ஒரு புதுப் படம் எடுத்து இங்கே போடு. நீ பட்டம் வாங்கின அன்று எடுத்த படத்தில் இருக்கிற முகத்தைத் தேடிக்கொண்டு, எதிரே வந்த உன்னைத் தாண்டிப் பார்த்துவிட்டேன்.