ரயிலில் ஒப்பந்தம் வாசித்த அக்கா

செவன் ஹில்ஸ் நிலையத்தில் ரயிலேறி என் பக்கத்தில் அமர்ந்த அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. ஐம்பது வயதிருக்கும். நரைத்த குட்டை முடி, காதில் சொருகிய பென்சில். உதடு அசைய வாசிக்கிற பழக்கம் அவருக்கு. என் மடியிலிருந்த வேலை ஒப்பந்தத் தாள்களையும் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

“கொரியாவுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கப் போறீரோ?”

“ஆமா அக்கா. இன்னைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பணும்.”

“நானும் அங்க படிப்பிச்சனான். கொண்டாரும் பாப்பம்.”

கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டுப் பென்சிலால் ஓரிடத்தில் கோடிட்டார்.

“காய்ச்சல் வந்தா லீவு எண்டு இதில ஒண்டும் இல்லையே. இப்ப அங்க இருக்கிற ரீச்சரோட கதைக்கக் கேளும். விடாட்டிப் போகாதேயும்.”

“உங்களுக்கு யாராவது இப்படிச் சொன்னாங்களா அக்கா?”

“இல்லைப் பிள்ளை. காய்ச்சலோட நிண்டு படிப்பிச்சனான்.”

சிரித்தபடி பரமட்டாவில் இறங்கிப் போய்விட்டார்.

அன்று நான் கையெழுத்திடவில்லை. அங்குள்ள ஆசிரியரோடு பேச வேண்டும் என்று ஒப்பந்தம் அனுப்பிய பள்ளிக்கு எழுதினேன். அந்தப் பள்ளியிலிருந்து பதிலே வரவில்லை. பிறகு விண்ணப்பித்த வேறொரு பள்ளி, கேட்டதும் அங்குள்ள ஆசிரியர் ஒருவரின் தொலைபேசி எண்ணைத் தந்தது. அங்கேதான் இரண்டு வருடம் வேலை பார்த்தேன்.

முதல் குளிர்காலத்தில் எனக்குக் கடும் காய்ச்சல். என்னோடு கற்பித்த கொரிய ஆசிரியை வகுப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார். போர்வைக்குள் கிடந்தபோது அந்த அக்காவைத்தான் நினைத்தேன். தான் பட்டதைச் சொல்ல அவருக்கு ஒரு வரி போதுமாயிருந்தது. எனக்காக ஒப்பந்தத்தின் எட்டுப் பக்கத்தையும் வாசித்தார்.