ட்ரெய்னருக்கு அப்பா சொன்னது

அந்தத் தலைக்கவசத்தின் உட்பக்கம், மழையில் நனைந்து அறைக்குள்ளேயே காய்ந்த சப்பாத்தைப் போல மணக்கும். விளையாட்டுக் கழகத்துக்குச் சொந்தமான அதை எனக்கு முன் எத்தனையோ பையன்கள் போட்டுக் கழற்றியிருந்தார்கள். யேர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்தின் ஓரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் திடலில், பதின்மூன்று வயதில் அதை மாட்டிக்கொண்டால் என் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது. அதற்காகவே எனக்கு அந்த விளையாட்டுப் பிடித்தது. விளையாடியது அமெரிக்கன் ஃபுட்போல். எங்கள் தமிழ் ஆட்கள் அதைக் "காலாலை உதைக்காத புட்போல்" என்று பகிடி பண்ணுவார்கள்.

நான் வேகமாக ஓடுவேன். யாரும் பழக்கவில்லை, கால் தானாகவே ஓடியது. எங்கள் பயிற்சியாளர் றைனர் கிழமை நாட்களில் நகரப் பேருந்து ஓட்டுபவர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யார் எத்தனை காலடி ஓடி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தன் கையாலேயே கோடு போட்டு, பிரதி எடுத்து, ஆளுக்கொரு கொப்பியாகத் தந்திருந்தார். பள்ளிக் கொப்பிகளுக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேர்ந்தது. நான் திறந்து பார்க்கவில்லை. "ஆமை" என்று நாங்கள் கூப்பிட்ட யோனாஸ் அதை முழுவதும் பாடமாக்கினான். குளிர்காலப் பயிற்சி தொடங்கியதும் நான் திடலுக்குப் போகாமல் ரயில் நிலையத்தில் சுற்றித் திரிந்தேன்.

ஒரு சனிக்கிழமை றைனர் வீட்டுக்கே வந்துவிட்டார். உணவகச் சமையலறையில் வேலை செய்த அப்பாவுக்கு அப்போது டொச் மொழி அதிகம் தெரியாது. அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் பிள்ளைகள்தான் பெற்றோரின் நாக்கு. வைத்தியரிடமும் வகுப்பாசிரியரிடமும் அலுவலகத்திலும் ஒன்பது வயதிலிருந்தே நான்தான் இரண்டு பக்கமும் கதைத்தேன். றைனர் தேநீரைக் குடித்தபடி நீண்ட நேரம் பேசினார். பையனிடம் திறமை இருக்கிறது, ஆனால் பயிற்சிக்கு வருவதில்லை, சொன்னதைப் படிப்பதில்லை, இப்படியே போனால் அந்த வேகம் வீணாகிவிடும், நீங்கள் அவனை அனுப்பி வைக்க வேண்டும் என்றார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"எனக்குப் பிறப்பிலையே வந்த ஓட்டமாம். பெரிசாப் பயிற்சி தேவையில்லையாம்."

"உதைச் சொல்லவோ இவ்வளவு நேரம்?"

"யேர்மன்காரர் அப்பிடித்தான் அப்பா, நீட்டித்தான் கதைப்பினம்."

அப்பா எழும்பி நின்று றைனருக்குக் கைகொடுத்தார். தகப்பன் சம்மதித்துவிட்டார் என்று நினைத்து றைனரும் சந்தோசமாகப் போனார். குளிர் போனதும் நான் மறுபடி திடலுக்குப் போனேன், கொப்பியை மட்டும் திறக்கவில்லை. அந்தக் கோடையில் எங்கள் ஆட்கள் கூடும் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில், கச்சான் கடைக்கு முன்னால் நின்று அப்பா காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னார்: "ட்ரெய்னரே வீடு தேடி வந்து சொன்னவர், பிறவித் திறமையாம்."

திருவிழா முடிந்த கையோடு ஒரு ஞாயிறு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டோடு அப்பா ஆட்டம் பார்க்க வந்தார். முதல் தடவை பந்து எறிந்தபோதே நான் ஏழு காலடி ஓடி உள்ளே திரும்பியிருக்க வேண்டும். தெரியாததால் நேரே ஓடினேன், எல்லோரையும் விட வேகமாக. நான் நிற்க வேண்டிய இடத்துக்கு வந்த பந்தை எதிரணிக்காரன் பிடித்துக்கொண்டு போனான். இரண்டாவது தடவையும் அப்படியே நடந்ததும் றைனர் என்னைத் திடலோர வாங்கில் இருத்தி யோனாசை அனுப்பினார். அவன் ஆமை வேகத்தில்தான் போனான், ஆனால் சரியான இடத்தில் நின்றான். பந்து அவன் கைக்குள் வந்து விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் அப்பா கோட்டு பறக்க றைனரிடம் வந்தார்.

"உனக்குப் பிள்ளை பழக்கத் தெரியுமோடா? கடவுள் குடுத்த ஓட்டத்தை வாங்கிலை இருத்தி வைச்சிருக்கிறாய்! நீயும் ஒரு ட்ரெய்னரோ?"

அப்பா என்ன சொல்கிறார் என்று றைனர் என்னிடம் கேட்டார்.

"இவ்வளவு நாளும் என்னைப் பழக்கியதற்கு நன்றி சொல்கிறார்."

"ஏன் இவ்வளவு சத்தமாக?"

"எங்கள் ஆட்கள் அப்படித்தான்," என்றேன்.

றைனர் அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, தலையைத் தாழ்த்தினார். திரும்பி வரும்போது ட்ராமில் அப்பா, "நான் அவ்வளவு ஏசியும் அந்த மனிசன் கையைப் பிடிச்சவர். நாங்கள்தான் சரியில்லை," என்றார்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவே மீன் ரோல்ஸ் பொரித்து, ஒரு பெட்டியில் அடுக்கித் தந்தார். "அப்பா பிழையாக் கதைச்சிட்டார், மன்னிக்கட்டாம் எண்டு வடிவாச் சொல்லு."

திடல் வேலி வரை போனேன். றைனர் குனிந்து பயிற்சிக் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பெட்டியைக் கொடுத்தால் எதற்கு மன்னிப்பு என்று கேட்பார். அதற்குச் சொல்ல என்னிடம் பொய் மிஞ்சவில்லை. பேருந்து நிழற்குடைக்குள் இருந்து நான்கு ரோல்ஸைத் தின்றேன், மிச்சத்தைக் குப்பைக்குள் போட்டேன். "என்ன சொன்னவர்?" என்று வீட்டில் அப்பா கேட்க, "நல்ல ருசியாம்" என்றேன். அந்தத் திடலுக்குள் நான் பிறகு கால் வைக்கவில்லை.

பள்ளியை முடிக்கவில்லை. தொடங்கிய இரண்டு அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சியையும் பாதியில் விட்டேன். எந்த ஊரில் வேலை கிடைத்ததோ அந்த ஊரில் படுத்தேன். இப்போது ஹனோவரில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி தூக்குகிறேன். ஞாயிறு மாலைகளில் அறைத் தோழர்கள் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டங்களைப் பார்த்து, திறமையா பயிற்சியா பெரிது என்று சண்டை பிடிப்பார்கள். அந்தக் களத்தில் நிற்கிற எல்லோருமே பிறவி ஓட்டக்காரர்கள். வேகம் அங்கே வாசல் வரைக்கும்தான். அதற்குப் பிறகு, சொன்னதைக் கேட்டவன் பந்து வரும் இடத்தில் நிற்கிறான். என்னைப் போன்றவன் வேறெங்கோ வேகமாக ஓடிக்கொண்டிருப்பான்.

அந்தத் திடல் இப்போது ஒரு பல்பொருள் அங்காடியின் வாகனத் தரிப்பிடம். ரயில் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பாவுக்கு வரும் கடிதங்களை அவரே வாசித்துப் பதில் எழுதுகிறார்; நான் தேவையில்லை. போன ஞாயிறு அவரும் ஆட்டம் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"திறமை கிடக்கட்டும், பழக்கிற ஆள்தான் பெரிசு. அந்த பஸ் ஓடின மனிசனை எனக்கு மறக்க ஏலாது. இப்ப எனக்கு டொச் வரும்தானே, ஒருக்காக் கண்டால் நானே வாயாலை மன்னிப்புக் கேட்பன். எங்கை இருக்கிறார் எண்டு தேடிச் சொல்லு."

"ஓம் அப்பா, தேடுறன்," என்றேன்.

இன்னும் தேடவில்லை.